ஜேன் ஐர்: 1983 தொடரா, 2006 தொடரா? அவள் கிளம்பிப் போகும் இரவை வைத்துப் பேசுவோம்

கார்முகில்

சார்லட் பிராண்ட்டேயின் ஆங்கில நாவல் ‘ஜேன் ஐர்’. தொலைக்காட்சியில் அதைத் தழுவி வந்த தொடர்களில் எது நல்லது என்று யார் கேட்டாலும் முதலில் வரும் பதில் 2006இல் பிபிசி எடுத்த நான்கு பகுதித் தொடர். ரூத் வில்சன் ஜேன், டோபி ஸ்டீஃபன்ஸ் ரோச்செஸ்டர், சூசன்னா ஒயிட் இயக்கம், சாண்டி வெல்ஷ் திரைக்கதை. பார்க்க அழகு, நடிப்பிலும் குறையில்லை. ஆனாலும் நான் 1983 கட்சி. பதினோரு பகுதி, ஒவ்வொன்றும் அரை மணி நேரம், திமோத்தி டால்டனும் ஜீலா கிளார்க்கும். அரங்கப் பொருட்களில் சிக்கனம் தெரியும், வெளிச்சம் தட்டையாக விழும், வீடியோ டேப்பில் எடுத்ததால் இன்றைய டிவியில் போட்டால் மேடை நாடகத்தைப் படம்பிடித்த மாதிரி இருக்கும். அத்தனையும் உண்மை. அப்படியும் நாவலின் பக்கம் உறுதியாக நிற்பது அதுதான் என்று சொல்வேன், அப்படிச் சொல்லவைப்பது ஒரே ஒரு இரவு.

27ஆம் அத்தியாயம். ஜேன், ரோச்செஸ்டரின் வீட்டில் குழந்தைக்குப் பாடம் சொல்லித்தர வந்த ஆசிரியை, இருவருக்கும் காதல். காலையில் தேவாலயத்தில் கல்யாணம் நின்றுபோனது. மணமகனுக்கு ஏற்கெனவே மனைவி இருக்கிறாள், அவளை மூன்றாவது மாடியில் பூட்டி வைத்திருக்கிறான் என்று வெளியே வந்தாயிற்று, ஜேன் அவளை நேரில் பார்த்தும் ஆயிற்று. அறைக்குள் போய்த் தாழிட்டுக்கொண்டவள் பொழுது சாய்ந்த பிறகுதான் கதவைத் திறக்கிறாள். வாசலிலேயே கால் இடறுகிறது. ரோச்செஸ்டர் நாற்காலி போட்டு அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். அதற்கப்புறம் பக்கம் பக்கமாகப் பேச்சு. மன்னிப்புக் கேட்கிறான், பழைய கதையெல்லாம் சொல்கிறான், பிரான்சின் தெற்கே கடலோரத்தில் வெள்ளையடித்த வீடு ஒன்று இருக்கிறது, அங்கே போய் வாழலாம் என்கிறான், கெஞ்சுகிறான், ஒரு கட்டத்தில் கையை ஓங்கும் அளவுக்குப் போகிறான். அவள் அவனை நேசிக்கிறாள், அதை அவனிடமே சொல்கிறாள், அப்படியும் போகிறேன் என்கிறாள். எவ்வளவுக்கெவ்வளவு எனக்கென்று யாரும் இல்லையோ, தாங்கிப் பிடிக்க ஆளில்லையோ, அவ்வளவுக்கவ்வளவு என் மேல் எனக்கு மதிப்பு கூடத்தான் வேண்டும் என்பதுதான் அவள் பதிலின் சாரம்.

1983இல் இயக்குநர் ஜூலியன் ஏமிஸும் திரைக்கதை எழுதிய அலெக்சாண்டர் பாரனும் அந்தப் பேச்சின் மேல் கை வைக்கவில்லை. இரண்டு பேரை ஒரு அறையில் விட்டுப் பேச விட்டார்கள். டால்டனின் குரல் ஏறி இறங்கி உடைகிறது, கிளார்க் அசையாமல் நிற்கிறார். 2006இல் இதே காட்சி நேராக வரவில்லை. ஜேன் வெட்டவெளியில் விழுந்து, அவளுக்கு அடைக்கலம் கொடுத்த ரிவர்ஸ் குடும்பத்தாரின் வீட்டில் தேறிய பின்னால் நினைவாகத் துண்டு துண்டாக வருகிறது. அதுவும் படுக்கையில் இருவரும் சேர்ந்து கிடக்க, முத்தத்துக்கு நடுவே. நாவலில் அவளைத் தாங்குவது அவள் வாயில் வரும் சொற்கள். அவற்றை எடுத்துவிட்டு அணைப்பை வைத்தால் அவள் மறுத்தாள் என்பது தெரியும், எதை வைத்து மறுத்தாள் என்பது தெரியாது. இதுதான் என் வழக்கு. மாற்றுக் கருத்து இருப்பவர்கள் வாருங்கள்.

செங்காந்தள்

வந்துவிட்டேன். 2006 தொடரை முழு மனதோடு நேசிக்கிற ஆள் நான்.

கார்முகில் அண்ணா, அந்தப் படுக்கைக் காட்சியை நீங்கள் பார்க்கிற விதத்தில் எனக்கு உடன்பாடே இல்லை. ஜேனுக்குப் பதினெட்டு வயது. உடம்பும் ஆசையும் இல்லாத பெண்ணாக அவளை எத்தனையோ பேர் எடுத்துவிட்டார்கள், கழுத்துவரை பொத்தான் போட்டுக்கொண்டு முகத்தைக் கல்லாக வைத்தால் அதுதான் ஜேன் என்று. நாவலைத் திறந்து பார்த்தால் அவள் அப்படியா இருக்கிறாள்? பத்து வயதிலேயே அத்தையை எதிர்த்துக் கத்தியவள். ரோச்செஸ்டர் ஊரில் இல்லாத நாட்களில் அவனையே நினைத்துத் தவித்துவிட்டு, உனக்கு என்ன உரிமை இருக்கிறது என்று தன்னையே கண்டித்துக்கொண்டு, தண்டனை மாதிரி தன் முகத்தை ஒப்பனையில்லாமல் வரைந்து, அவன் மணக்கக்கூடும் என்று பேசப்பட்ட பிளான்ச் இங்ராமின் முகத்தைத் தந்தத்தில் அழகாக வரைந்து, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறவள். இவ்வளவு கொதிப்பு உள்ளே இருக்கிற பெண் கிளம்பிப் போவதுதான் பெரிய விஷயம். ஆசை எவ்வளவு இருந்தது என்று காட்டினால்தானே அதை விட்டுப் போனதன் எடை தெரியும்? ரூத் வில்சனின் முகத்தில் அது தெரிகிறது. அவருக்குக் கிடைத்த முதல் பெரிய வேடம் அது, உதட்டோரத்தில் ஒரு சிரிப்பை அடக்கிக்கொண்டே பாதித் தொடரை நடித்திருக்கிறார்.

இன்னொன்று, அவர்கள் இருவரும் சேர்ந்து சிரிக்கிறார்கள். 1983இல் டால்டன் உறுமுகிறார், முழங்குகிறார், நன்றாகவே செய்கிறார். ஆனால் அந்த ஜேன் இந்த ரோச்செஸ்டரோடு தினமும் சாயங்காலம் உட்கார்ந்து பேச ஏன் ஆசைப்படுகிறாள் என்று எனக்குப் புரியவில்லை. ஸ்டீஃபன்ஸைப் பார்த்தால் உடனே புரிகிறது.

ராப்பாடி

நாவல் படிக்கவில்லை, தொடரும் பார்க்கவில்லை. இழையைப் பார்த்து ஆர்வமாக வந்தேன். பேய்க்கதையா காதல் கதையா இது? எதிலிருந்து ஆரம்பிக்கலாம்? கதை முழுக்கச் சொல்லிவிட்டீர்கள் போலிருக்கிறது, பரவாயில்லை.

கார்முகில்

ராப்பாடி தம்பி, இது 1847இல் வந்த நாவல், கதை தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஒன்றும் குறையாது. பேய் இருக்கிற மாதிரி இருக்கும். நடுராத்திரியில் மாடியிலிருந்து சிரிப்புச் சத்தம் வரும், படுக்கை தீப்பிடிக்கும், விருந்தாளி ஒருவன் ரத்தக் காயத்தோடு கிடப்பான், கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் மணப்பெண்ணின் முக்காட்டுத் துணியை யாரோ கிழித்துப்போடுவார்கள். எல்லாவற்றுக்கும் காரணம் மனுஷர்கள்தான். எழுதிய சார்லட் பிராண்ட்டே முதலில் கரர் பெல் என்ற புனைபெயரில் வெளியிட்டார், ஆணா பெண்ணா என்று லண்டனே பேசியது.

செங்காந்தள், நீங்கள் ஓவியத்தைச் சொன்னது சரியான இடம். அவளுக்குள் கொதிப்பு இல்லை என்று நான் எங்கே சொன்னேன்? கொதிப்பை அவள் எப்படிக் கையாள்கிறாள் என்பதில்தான் நம் சண்டை. கிளம்புகிற விடியற்காலையை நினைத்துப் பாருங்கள். தூங்காமல் எழுந்து, பக்கவாட்டுக் கதவின் சாவியைத் தேடி எடுக்கிறாள். சமையலறையிலிருந்து சின்னக் குப்பியில் எண்ணெயும் ஒரு இறகும் கொண்டுவந்து சாவிக்கும் பூட்டுக்கும் எண்ணெய் போடுகிறாள், சத்தம் வரக் கூடாது என்று. கொஞ்சம் ரொட்டி, கொஞ்சம் தண்ணீர். அவன் வற்புறுத்திக் கொடுத்த முத்துமாலையை அங்கேயே வைத்துவிடுகிறாள். பர்ஸில் இருபது ஷில்லிங், அவ்வளவுதான். வண்டிக்காரன் முப்பது கேட்கிறான், இருபதுதான் இருக்கிறது என்கிறாள், சரி ஏறு என்கிறான். அந்தக் காசுக்கு எவ்வளவு தூரமோ அவ்வளவு தூரத்தில் ஒரு நாற்சந்தியில் இறக்கிவிடுகிறான். அவள் மூட்டை வண்டியிலேயே போய்விடுகிறது. அடுத்த சில நாளில் பன்றிக்குப் போட இருந்த ஆறிப்போன கஞ்சியை வாங்கித் தின்கிறாள்.

நெஞ்சு வெடிக்கிற நேரத்தில் பூட்டுக்கு இறகால் எண்ணெய் தடவுகிற பெண் அவள். ஆசையையும் வைத்துக்கொண்டு, கையில் வேலையையும் ஒழுங்காகச் செய்கிறாள். அணைப்புக் காட்சி எனக்கு இதைக் காட்டவில்லை, முந்தின இரவின் வாக்குவாதம் காட்டுகிறது. அதில் அவள் பேசுகிற விதமும் இப்படித்தான், ஒவ்வொன்றாக, விடாமல்.

நெய்தல்வாசி

இரண்டு பேரும் ஜேனைப் பற்றியே பேசுகிறீர்கள். மாடியில் பூட்டிவைக்கப்பட்டிருக்கிற மனைவி பெர்த்தாவைப் பற்றி யாராவது பேசுங்களேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இன்றைக்குப் பார்க்கிறவர்கள் “விவாகரத்து செய்துவிட்டுக் கல்யாணம் செய்திருக்கலாமே” என்று கேட்கிறார்கள். இங்கிலாந்தில் 1857 வரை விவாகரத்து வேண்டுமானால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் போட வேண்டும், பெரும் பணக்காரர்களுக்குத்தான் கட்டுப்படியாகும். அதுவும் மனைவிக்கு மனநோய் என்பது காரணமாகவே ஏற்கப்படாது. அதை ஒரு காரணமாகச் சேர்த்தது 1937ஆம் ஆண்டுச் சட்டம். நாவல் வந்து தொண்ணூறு வருஷம் கழித்து! இது வெறும் கற்பனைச் சிக்கலும் இல்லை. சார்லட் தன் இரண்டாம் பதிப்பை எழுத்தாளர் தாக்கரேவுக்குச் சமர்ப்பணம் செய்தார், தாக்கரேயின் மனைவி நிஜமாகவே மனநோயால் தனியே பராமரிக்கப்பட்டு வந்தார், சார்லட்டுக்கு அது தெரியாது. தாக்கரே வீட்டில் ஆசிரியையாக இருந்தவள்தான் இதை எழுதியிருக்கிறாள் என்று லண்டனில் வதந்தி கிளம்பிவிட்டது.

ஆக ரோச்செஸ்டர் மாட்டிக்கொண்டவன்தான். ஆனால் பெர்த்தா அவனைவிட மோசமாக மாட்டிக்கொண்டவள். ஜமைக்காவிலிருந்து, முப்பதாயிரம் பவுன் சீதனத்தோடு வந்தவள். அந்தப் பணம் யாரிடம் போனது என்று நாவலில் யாரும் கவலைப்படுவதில்லை. அவளுடைய கதை அவள் வாயால் நமக்குக் கிடைக்கவே இல்லை. டொமினிக்காவில் பிறந்த ஜீன் ரிஸ் 1966இல் ஒரு நாவல் எழுதி அவளுக்கு இளமையும் பெயரும் வீடும் கொடுத்த பிறகு, எந்த இயக்குநரும் பெர்த்தாவை வெறும் மிருகமாகக் காட்டிவிட்டுத் தப்ப முடியாது என்பது என் எண்ணம். 1983 தொடர் அந்த வேலையைச் செய்யவில்லை. தலைவிரிகோலமாக ஒரு பெண் பாய்கிறாள், முடிந்தது. கார்முகில் சொல்கிற விசுவாசத்துக்கு இதுவும் ஒரு விலை.

செங்காந்தள்

நெய்தல்வாசி அக்கா, மிக்க நன்றி! இதைத்தான் நான் அடுத்து எழுத இருந்தேன்.

2006இல் பெர்த்தாவைக் கவனித்தீர்களா? அழகான பெண். கோபுர ஜன்னலிலிருந்து சிவப்புத் துணி ஒன்று காற்றில் பறக்கும், யாருடையது என்று நமக்கு ரொம்ப நேரம் தெரியாது. தொடரின் தொடக்கத்திலேயே சின்ன ஜேன் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு பாலைவனத்தில் தான் நடப்பதாகக் கற்பனை செய்கிறாள், அங்கேயும் சிவப்பு. அப்புறம் அத்தை அவளைப் பூட்டிவைக்கிற சிவப்பு அறை. பூட்டி வைக்கப்பட்ட சிறுமி, பூட்டி வைக்கப்பட்ட பெண் இருவரையும் ஒரே நிறத்தால் கட்டியிருக்கிறார்கள். வசனமே இல்லாமல். தீப்பிடித்த கூரை மேல் அவள் நிற்கிறாள், ஆந்தை ஒன்று பறப்பதைப் பார்க்கிறாள், தானும் பறப்பது மாதிரி கையை விரித்துக்கொண்டு விழுகிறாள். எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொண்டது.

நாவலில் இந்தத் தீயை ஒரு விடுதிக்காரர் ஜேனுக்குச் செய்தியாகச் சொல்கிறார், அவ்வளவுதான். சொற்களை அப்படியே வைத்துக்கொண்டிருந்தால் பெர்த்தாவுக்கு இது கிடைத்திருக்குமா அண்ணா?

பழையடேப்

1973 தொடரை எல்லாரும் மறந்துவிட்டீர்கள். சோர்ச்சா கூசாக், மைக்கேல் ஜேஸ்டன், ஐந்து பகுதி, அதுவும் பிபிசிதான். அழகன் இல்லாத ரோச்செஸ்டர் வேண்டுமென்றால் ஜேஸ்டன்தான் புத்தகத்துக்கு நெருக்கம். “நான் அழகாக இருக்கிறேனா?” என்று கேட்டதும் ஜேன் பட்டென்று “இல்லை ஐயா” என்று சொல்வது டால்டன் முகத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னால் யார் நம்புவார்கள்? கூசாக்கின் பின்னணிக் குரல் தொடர் முழுக்க வருகிறது. சிலருக்கு அது பிடிக்காது. எனக்குப் பிடிக்கும், ஏனென்றால் இந்தக் கதையே ஒரு பெண் நம்மைப் பார்த்து நேரடியாகச் சொல்வது. “வாசகரே” என்று அவள் கூப்பிடுவதை எடுத்துவிட்டால் பாதி ஜேன் போய்விடுகிறாள். 2006இல் அந்தக் குரல் இல்லை.

அப்புறம் குறி சொல்லும் கிழவி காட்சி. நாவலில் ரோச்செஸ்டரே ஜிப்சிக் கிழவி வேஷம் போட்டுக்கொண்டு வந்து விருந்தாளிகளுக்கும் ஜேனுக்கும் குறி சொல்கிறான். படிக்கும்போதே இதை எப்படித் திரையில் நம்பவைப்பது என்று தோன்றும். 1983இல் டால்டன் முக்காடு போட்டுக்கொண்டு முழு மூச்சாக இறங்கிவிட்டார். 2006இல் நிஜமாகவே ஒரு ஜிப்சிப் பெண்ணைக் கூட்டிவந்து ரோச்செஸ்டர் ஒளிந்திருந்து கேட்பதாக மாற்றிவிட்டார்கள். நம்பும்படி இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அவளை ஏமாற்றி உள்ளத்தைத் தோண்ட அவன் எந்த அளவுக்கு இறங்குவான் என்பது அந்த வேஷத்தில்தான் இருக்கிறது. ஏமாற்றுகிறவன் அவன். கல்யாணத்திலும் அதைத்தான் செய்யப் போகிறான்.

மாடிவீடு

கட்டடப் பிரியர்களுக்காக ஒரு சின்னக் குறிப்பு. 2006இல் ரோச்செஸ்டரின் வீடான தார்ன்ஃபீல்டாக வருவது டெர்பிஷயரில் இருக்கும் ஹேடன் ஹால். 1996, 2011 திரைப்படங்களிலும் அதே வீடுதான், அதனால் மூன்றையும் தொடர்ந்து பார்த்தால் ஒரே படிக்கட்டில் வெவ்வேறு ஜேன்கள் ஏறுவார்கள். 1983க்கு நார்த்தாம்ப்டன்ஷயரில் உள்ள டீன் பார்க். ஹேடன் ஹால் இடைக்காலத்துக் கல்வீடு, கோட்டை மாதிரி. நாவலில் தார்ன்ஃபீல்ட் ஒரு கனவானின் வீடு, பிரபுவின் கோட்டை இல்லை என்று ஜேனே சொல்கிறாள். அந்த விதத்தில் டீன் பார்க் கொஞ்சம் பொருத்தம், ஆனால் பயம் வருவது ஹேடனில்தான்.

சார்லட் மனதில் இருந்த வீடு எது என்பதற்கு இரண்டு ஊர் போட்டி போடும். ஹேதர்சேஜ் பக்கத்தில் நார்த் லீஸ் ஹால் இருக்கிறது, 1845இல் அவர் அந்த ஊரில் தோழியோடு தங்கியிருந்தார், மனநிலை சரியில்லாத ஒரு பெண்ணை அங்கே அடைத்து வைத்திருந்ததாகவும் அவள் தீயில் இறந்ததாகவும் ஊர்க்கதை. யார்க்‌ஷயரில் ரிப்பன் பக்கத்தில் நார்ட்டன் கோனியர்ஸ் இருக்கிறது, அங்கே 1839இல் போயிருக்கிறார், அங்கேயும் மாடியில் அதே மாதிரி ஒரு கதை. 2004இல் அந்த வீட்டில் மாடிக்குப் போகும் அடைத்துவைத்த படிக்கட்டு ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு வீட்டிலும் இப்படிக் கதை இருப்பதைப் பார்த்தால் பெர்த்தா ஒருத்தி இல்லை என்று தோன்றுகிறது.

ஊதாப்பூ

நம் ஊரில் 1969இல் வந்த ‘சாந்தி நிலையம்’ இந்தக் கதையின் தழுவல்தானே? ஜெமினி கணேசன், காஞ்சனா, வீடு நிறைய குழந்தைகள். மார்கஸ் பார்ட்லியின் வண்ண ஒளிப்பதிவுக்குத் தேசிய விருது கிடைத்தது. இந்தியில் அதற்கு முன்பே 1952இல் திலீப் குமாரும் மதுபாலாவும் நடித்த ‘சங்தில்’ இருக்கிறது. நான் முதலில் காஞ்சனாவைப் பார்த்துவிட்டுத்தான் ஜேனிடம் போனேன், அதனால் எனக்கு ஜேன் என்றால் இன்னும் புடவை கட்டிய டீச்சர்தான்.

நெய்தல்வாசி

ஊதாப்பூ, அதைத் தனி இழையாகவே தொடங்கலாம், நிறைய பேச இருக்கிறது.

கார்முகில்

செங்காந்தள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பெர்த்தா விஷயத்தில் 2006 செய்தது நல்ல காரியம், அந்தச் சிவப்புத் துணியை நானும் ரசித்தேன். ஆனால் அதே தொடர் பெர்த்தாவுக்குக் கொடுத்த இடத்தை யாரிடமிருந்து எடுத்தது? ரிவர்ஸ் குடும்பத்திடமிருந்து. இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் படமானாலும் தொடரானாலும் எல்லாரும் கத்தியை முதலில் வைப்பது இங்கேதான்.

நாவலில் மொத்தம் 38 அத்தியாயம். அவற்றில் எட்டு, ஜேன் தார்ன்ஃபீல்டை விட்டுப் போன பிறகு ரிவர்ஸ் வீட்டாரோடு இருக்கும் காலம். காதலன் கண்ணில் படாத எட்டு அத்தியாயம் என்றால் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பதற்றம் வரத்தான் செய்யும். ஆனால் அங்கே நடப்பது என்ன? அந்த வீட்டின் மகன் செயின்ட் ஜான், பாதிரியார். அழகன், ஒழுக்கசீலன், பனிக்கட்டி. இந்தியாவுக்கு மதப்பணிக்குப் போக ஒரு மனைவி வேண்டும், உழைக்கத் தெரிந்தவளாக. ஜேன் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறாள், அதை நிறுத்திவிட்டு இந்துஸ்தானி படி என்கிறான், அவளும் படிக்கிறாள்! ஏன் படிக்கிறேன் என்று கேட்கக்கூட அவளால் முடியவில்லை. சத்தம் போட்டு மிரட்டும் ரோச்செஸ்டருக்கு அசையாதவள், அமைதியாகக் கடவுள் பெயரைச் சொல்லிக் கேட்பவனிடம் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோகிறாள். அவன் மனம் கோணாமல் இருக்கத் தன் இயல்பில் பாதியை அடக்க வேண்டியிருக்கிறது என்று அவளே சொல்கிறாள்.

ரோச்செஸ்டர் கேட்டது கல்யாணம் இல்லாத காதல். இவன் கேட்பது காதல் இல்லாத கல்யாணம். இரண்டையும் அவள் மறுக்க வேண்டும். இரண்டாவது மறுப்பு முதலாவதைவிடக் கஷ்டமானது, ஏனென்றால் ஊர், மதம், நன்றிக்கடன், உறவு எல்லாம் இவன் பக்கம். கிட்டத்தட்டச் சரி என்று சொல்லப் போகிற நொடியில்தான் எங்கிருந்தோ “ஜேன்! ஜேன்! ஜேன்!” என்று குரல் கேட்கிறது. அந்த நெருக்கடியை நாம் முழுசாக அனுபவிக்காவிட்டால் அந்தக் குரல் வெறும் மாயாஜாலம். அனுபவித்திருந்தால் அது அவள் உயிர் பிழைத்த இடம்.

அப்புறம் பணம். மடீரா தீவிலிருந்த சித்தப்பா விட்டுப்போன இருபதாயிரம் பவுனை அவள் தனக்கும், தன் உறவினர் என்று தெரியவந்த ரிவர்ஸ் உடன்பிறப்புகள் மூவருக்குமாக நான்காகப் பிரித்து ஆளுக்கு ஐயாயிரம் என்று கொடுத்துவிடுகிறாள். தார்ன்ஃபீல்டில் அவளுக்குச் சம்பளம் வருஷத்துக்கு முப்பது பவுன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். திரும்பிப் போகும்போது அவள் யாரிடமும் கையேந்த வேண்டாத பெண். 1983 இதற்கெல்லாம் நிதானமாக நேரம் ஒதுக்குகிறது. 2006இல் செயின்ட் ஜானாக ஆண்ட்ரூ புக்கன் நன்றாக நடித்திருக்கிறார், ஆனால் அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜேன் நினைவில் தார்ன்ஃபீல்டுக்குப் போய்விடுகிறாள், நாமும் கூடவே போய்விடுகிறோம். செயின்ட் ஜானுக்கு வாய்ப்பே இல்லை. ஜெயிக்க வாய்ப்பே இல்லாதவனை மறுப்பதில் என்ன இருக்கிறது?

பழையடேப்

அருமை. ஒன்று சேர்க்கிறேன்: நாவலின் கடைசி வரிகள் ஜேனும் ரோச்செஸ்டரும் இல்லை, இந்தியாவில் சாகக் கிடக்கும் செயின்ட் ஜானின் கடிதம். 2006 தொடர் குடும்பமாக ஓவியத்துக்கு நிற்பதோடு முடிகிறது. சார்லட் அந்தப் பனிக்கட்டி மனுஷனைக் கடைசிவரை விடவில்லை.

செங்காந்தள்

செயின்ட் ஜான் பற்றிச் சொன்னது எனக்கு யோசிக்க நிறைய கொடுத்தது. ஆனால் விட்டுக்கொடுக்க மாட்டேன். அவள் உடம்பு ரிவர்ஸ் வீட்டில் இருக்கிறது, மனசு அந்த இரவிலேயே நிற்கிறது. ஒருவரைப் பிரிந்து வந்தவர்களுக்கு அப்படித்தானே இருக்கும்? வரிசையாக வாழ முடிகிறதா என்ன? சமைத்துக்கொண்டிருக்கும்போது, யாரோ பேசிக்கொண்டிருக்கும்போது, பழைய இரவு வந்து நடுவில் உட்கார்ந்துகொள்கிறது. சாண்டி வெல்ஷ் எழுதியது அந்த நிலைமையை. அந்தக் காட்சியில் ரோச்செஸ்டர் அண்ணன் தங்கை மாதிரி வாழலாம், பிறந்தநாளுக்குக் கன்னத்தில் ஒரு முத்தம் போதும் என்று கெஞ்சுகிறான், அதைச் சொல்லிக்கொண்டே அவளை விடாமல் பிடித்திருக்கிறான். அவன் சொல்வது ஒன்று, செய்வது ஒன்று, இரண்டையும் நாம் ஒரே சட்டகத்தில் பார்க்கிறோம். அவன் பொய்யை அவன் உடம்பே காட்டிக்கொடுக்கிறது. நாவலில் இருக்கிற வாதத்தை வேறு வழியில் சொன்னதாகத்தான் நான் எடுத்துக்கொள்கிறேன். பேசித்தான் ஆக வேண்டும் என்று ஏன் அடம்?

கார்முகில்

ஏனென்றால் அவளுக்குப் பேச்சைத் தவிர வேறு சொத்தே இல்லை. அழகு இல்லை, குடும்பம் இல்லை, அப்போது பணமும் இல்லை. அத்தை வீட்டில் அவள் முதலில் ஜெயித்தது பேசி. ரோச்செஸ்டர் அவளைக் கவனித்தது அவள் பேசிய பதிலால். தோட்டத்தில், நான் ஏழை, சின்னவள், அழகில்லாதவள் என்பதற்காக எனக்கு ஆத்மாவும் இதயமும் இல்லை என்று நினைத்தீர்களா என்று கேட்டுத்தான் அவனுக்குச் சமமாக நிற்கிறாள், அதை இரண்டு தொடரும் வைத்திருக்கிறது, இரண்டிலும் அதுதான் உச்சம். தோட்டத்தில் பேசவிட்டவர்கள் பிரியும் இரவிலும் அவளைப் பேசவிட்டிருக்க வேண்டும்.

உங்கள் பிறந்தநாள் முத்தம் கவனிப்பு நல்ல கவனிப்பு. அந்தக் காட்சியில் அவனைப் பற்றி நிறையத் தெரிகிறது என்பதை ஏற்கிறேன். ஆனால் அது அவளுடைய இரவு.

நெய்தல்வாசி

இதே வகைத் தொடர் இன்னொன்று தேடுகிறவர்களுக்கு: டாஃப்னி டு மோரியரின் ‘ரெபேக்கா’, 1938 நாவல், பெரிய வீடு, இறந்துபோன முதல் மனைவி, ஏழைப் பெண் என்று ஜேன் ஐரின் நேர் வாரிசு. 1979 தொடரில் பெயரில்லாத அந்த இளம் மனைவியாக ஜோனா டேவிட், கணவனாகப் பின்னாளில் ஷெர்லாக் ஹோம்ஸாக வந்த ஜெரமி பிரெட். 1997 தொடரில் அதே இளம் மனைவி வேடத்தில் ஜோனா டேவிட்டின் மகள் எமிலியா ஃபாக்ஸ். அம்மா, மகள் இரண்டு பேரும் ஒரே வேடம்.

ராப்பாடி

எல்லாவற்றையும் படித்தேன். 1983 ஆரம்பித்துவிட்டேன், இரண்டு பகுதி முடிந்தது. பள்ளிக்கூடத்தில் அந்தத் தோழி ஹெலன் இறப்பது மனசைப் பிசைந்தது. ஆனால் ரோச்செஸ்டர் எப்போது வருவார்? நான் 2006க்குத் தாவிவிடவா?

கார்முகில்

தாவ வேண்டாம் தம்பி, பக்கத்தில் வந்துவிட்டீர்கள். ஹெலன் சாவு சார்லட் சொந்த வாழ்க்கையிலிருந்து எடுத்தது, அவருடைய அக்காக்கள் மரியாவும் எலிசபெத்தும் அப்படியொரு பள்ளியில் நோய்பட்டு 1825இல் இறந்தார்கள். அந்தப் பகுதியை அவசரமாகக் கடக்காத தொடர் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். அடுத்து பனி உறைந்த பாதையில் நாயும் குதிரையும் வரும், குதிரை சறுக்கும், ரோச்செஸ்டர் கீழே விழுவான். அவளிடம் அவன் முதலில் கேட்பது உதவி, யார் என்று சொல்லாமலே அவள் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போவான். பார்வை போய், ஒரு கையும் போய் இருப்பவனுக்கு அவள் கடைசியில் என்னவாக இருக்கப் போகிறாளோ அது அங்கேயே இருக்கிறது, அதைக் கவனியுங்கள்.

செங்காந்தள்

ராப்பாடி, அண்ணா சொன்னபடி 1983ஐ முடியுங்கள். முடித்த வாரமே 2006இன் நான்கையும் போட்டுவிடுங்கள், சூடு ஆறுவதற்குள். கல்யாணம் நின்ற பிறகு வருகிற பகுதியை மட்டும் இரண்டிலும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு இங்கே வந்து எழுதுங்கள், நீங்கள் யார் பக்கம் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.